மிண்ட் 22: மொபைல் பதிவுகள் பாதியில் அறுகின்றன, மைக்கில் வெறும் இரைச்சல்

#1 பனைமட்டை

மேசைக் கணினி, லினக்ஸ் மிண்ட் 22 சின்னமன், போர்டிலேயே உள்ள ரியல்டெக் சவுண்ட். சிக்கல் மூன்று. ஒரே காரணமா தனித்தனியா என்று பிடிபடவில்லை.

ஆண்ட்ராய்டு 13 மொபைலை யூஎஸ்பியில் செருகினால் நெமோ கோப்பு மேலாளரில் தெரிகிறது. ரெக்கார்டிங்ஸ் ஃபோல்டரில் 640 குரல் பதிவுகள். காப்பி போட்டால் இருநூறு முந்நூறில் சாதனமே காணாமல் போகிறது. ஆர்சிங்க் (மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்கும் கருவி) ஓட்டினால் ஏற்கெனவே வந்தவற்றையும் முதலிலிருந்து இழுக்கிறது. வந்து சேர்ந்ததில் ஒரு எம்4ஏ கோப்பு திறக்கவே இல்லை. எஃப்எஃப்எம்பெக் "மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்" என்கிறது.

ஒற்றை 3.5 மிமீ பிளக் உள்ள மொபைல் ஹெட்செட்டைப் பின்பக்கப் பிங்க் துளையில் செருகிப் பதிந்தால் இரைச்சல் மட்டும். ஆடாசிட்டி ஒலிப்பதிவு மென்பொருளில் வேறு சாதனத்தைத் தேர்ந்தால் -9997 பிழை.

கைரெக்கார்டரின் எஸ்டி கார்டில் கோப்புகளை அழித்த பிறகும் காலி இடம் கூடவில்லை.

#2 சுருள்கம்பி

மூன்றும் தனித்தனி. மொபைலிலிருந்து தொடங்குவோம். (கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

நெமோவை மூடிவிட்டு ஒரு டெர்மினலில் சூடோ டிமெஸ்ஜி -டபிள்யூ ஓட்டுங்கள் (கெர்னலின் செய்திகளை உடனுக்குடன் காட்டும்). அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மொபைலைச் செருகிக் காப்பி போடுங்கள். அறுகிற நொடியில் என்ன வரி விழுகிறது என்பதுதான் முக்கியம்.

"யூஎஸ்பி டிஸ்கனெக்ட்" என்று விழுந்தால் கெர்னல் பார்வையிலேயே இணைப்பு போய்விட்டது. கேபிள், போர்ட், மொபைல் துளை இவற்றில் ஒன்று. -71 வந்தால் யூஎஸ்பி பேச்சுவார்த்தையே குழம்புகிறது, பெரும்பாலும் கேபிள். -110 என்றால் பதில் வராமல் நேரம் கடந்துவிட்டது. டிமெஸ்ஜியில் ஒரு வரியும் விழாமல் நெமோவில் மட்டும் காணாமல் போனால் தவறு மேல்தளத்தில், அதாவது மொபைலை நெமோவுக்கு ஃபோல்டராகக் காட்டும் ஜிவிஎஃப்எஸ் பக்கம்.

கேபினெட்டின் முன்பக்கப் போர்ட் வேண்டாம். அங்கிருந்து போர்டு வரை உள்ளே ஓடும் ஒயரே பல நேரம் வில்லன். பின்பக்கம், போர்டிலேயே இருக்கும் துளையில் செருகுங்கள். சார்ஜருக்கென்று வரும் மலிவுக் கேபிள்கள் சிலவற்றில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பி மட்டும்தான், தரவுக்கான இரண்டும் கிடையாது. அப்படியானால் யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பியில் மொபைல் தலையே காட்டாது. உங்களுடையது தெரிகிறது, எனவே அந்த வகை இல்லை.

#3 இரவாடி

கேபிளைச் சரிசெய்தாலும் எம்டிபி (யூஎஸ்பி வழியே மொபைல் கோப்பு தரும் முறை) எம்டிபிதான். அதை டிஸ்க் என்று நினைப்பதில்தான் பாதி வம்பு. மொபைலின் சேமிப்பு கணினியில் மவுண்ட் ஆவதில்லை. கணினி கேட்கக் கேட்க மொபைல் ஒவ்வொரு பொருளாக எடுத்துத் தருகிறது. ஒரு நேரத்தில் ஒரு வேலை. நெமோ சிறுபடம் போட்டுக்கொண்டிருக்கும்போது இன்னொரு ஜன்னலில் காப்பி போட்டால் இரண்டும் முட்டும். ஜிவிஎஃப்எஸ் பிடித்திருக்கும்போதே ஜெஎம்டிபிஎஃப்எஸ் போன்ற இன்னொன்றை ஓட்டினால் "டிவைஸ் பிஸி"தான். இரண்டில் ஒன்றை மட்டும் வையுங்கள்.

ஆர்சிங்க் மறுபடி மறுபடி இழுப்பதற்குக் காரணம், அது கோப்பின் அளவையும் மாற்றிய நேரத்தையும் ஒப்பிடுகிறது. எம்டிபி வழியே நேரம் நம்பகமாக வராது. ஆகவே எல்லாமே மாறியதாக அதற்குத் தோன்றும். --சைஸ்-ஒன்லி என்று சேர்த்தால் அளவை மட்டும் பார்க்கும். குரல் பதிவுகள் பிறகு திருத்தப்படுவதில்லை என்பதால் இது போதும். ஜிவிஎஃப்எஸ் காட்டும் பாதை ரன் அடைவுக்குள் யூசர், 1000, ஜிவிஎஃப்எஸ் என்று போகும். மொபைலுக்குள் எழுதவேண்டுமானால் --இன்பிளேஸ்-ம் சேருங்கள். இல்லையேல் தற்காலிகப் பெயரில் எழுதிப் பிறகு பெயர் மாற்றப் பார்த்து அங்கே விழும்.

மூவ் ஆட்டம் விஷயம் ஒத்திசைவுப் பிழையே இல்லை. எம்4ஏ கோப்பின் பொருளடக்கம் அந்த "மூவ்" பகுதி. ரெக்கார்டர் செயலி பெரும்பாலும் நிறுத்தும்போதுதான் அதை எழுதும். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே காப்பி எடுத்திருக்கிறீர்கள், அல்லது செயலி நடுவில் செத்திருக்கிறது. மொபைலிலேயே அது ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் மறுபடி காப்பி, முடிந்தது. அங்கேயும் ஓடாவிட்டால் அன்ட்ரங்க் என்ற கருவி உண்டு. அதே செயலியில், அதே அமைப்பில் பதிந்த ஒரு நல்ல கோப்பை மாதிரியாகக் கொடுக்கவேண்டும்.

#4 சுருள்கம்பி

640 கோப்புக்கு எம்டிபியைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? ஏடிபி (ஆண்ட்ராய்டோடு டெர்மினலிலிருந்து பேசும் கருவி) போதும். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்க பில்ட் நம்பரை 7 தடவை தட்டவேண்டும். யூஎஸ்பி டிபக்கிங் போட்டு, மொபைல் திரையில் கேட்கும் அனுமதியைக் கொடுத்துவிட்டு, ஏடிபி புல் -ஏ, பிறகு எஸ்டிகார்டு அடைவின் ரெக்கார்டிங்ஸ். அந்த -ஏ இருந்தால் கோப்பின் பழைய நேரமும் கூடவே வரும்.

ஏடிபி டிவைசஸ் அடித்து "நோ பெர்மிஷன்ஸ்" வந்தால் சாதனத்தைத் தொட அனுமதி தரும் யூடெவ் விதிகள் இல்லை. ஆண்ட்ராய்டு-எஸ்டிகே-பிளாட்ஃபார்ம்-டூல்ஸ்-காமன் தொகுப்பை நிறுவிக் கேபிளைக் கழற்றிச் செருகுங்கள். "அன்ஆதரைஸ்டு" என்றால் மொபைல் திரை பூட்டியிருக்கிறது, அனுமதிப் பெட்டியை நீங்கள் பார்க்கவில்லை. சூடோ போட்டு ஏடிபியை ஓட்டும் வழக்கம் வேண்டாம். பிறகு சர்வர் ரூட் பெயரில் நின்றுகொண்டு வேறு குழப்பம் செய்யும்.

#5 இரவாடி

ஏடிபி புல் ஒரு தடவைக்குச் சரி. அடுத்த வாரம் 20 புதுப் பதிவு சேர்ந்தால் 660-ஐயும் மறுபடி இழுக்கும். புதியதை மட்டும் எடுக்கத் தெரியாது. தொடர்ந்து செய்வதானால் டெர்மக்ஸில் (மொபைலுக்கான டெர்மினல் செயலி) எஸ்எஸ்எச்டி என்ற சர்வரை ஓட்டி வைஃபை வழியே உண்மையான ஆர்சிங்க். அதன் இயல்புப் போர்ட் 22 இல்லை, 8022. முதலில் டெர்மக்ஸ்-செட்டப்-ஸ்டோரேஜ் ஓட்டி அனுமதி கொடுக்க மறக்காதீர்கள். மறந்தால் ஃபோல்டரைப் படிக்க முடியாது. ஆர்சிங்க்குக்கு -ஏவி, --பார்ஷியல் இரண்டும் போதும். வைஃபை அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

#6 பனைமட்டை

டிமெஸ்ஜியில் -71 இரண்டு தடவை, உடனே டிஸ்கனெக்ட். பின்பக்கப் போர்ட், வேறு கேபிள் மாற்றியதும் 640-ம் ஒரே மூச்சில் ஏடிபியில் வந்துவிட்டன. திறக்காத அந்தக் கோப்பு மொபைலில் ஓடுகிறது. மறுபடி எடுத்ததும் சரி. மைக் இன்னும் அப்படியே.

#7 கழுகுக்கண்

மைக்குக்கு வருகிறேன். மென்பொருளைத் தொடும் முன் பிளக்கைக் கையில் எடுத்துக் கருப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் அது நான்கு தொடுமுனைப் பிளக். மொபைல் ஹெட்செட்டுகளில் இன்று பரவலான சிடிஐஏ முறையில் நுனி இடது காது, அடுத்தது வலது, அடுத்தது எர்த், அடிப்பகுதி மைக். மேசைக் கணினியின் பிங்க் துளையோ மூன்று தொடுமுனைக்கானது: நுனியில் மைக் சிக்னல், அடியில் எர்த். இரண்டையும் பொருத்திப் பாருங்கள். உங்கள் மைக் போய் எர்த்தில் உட்கார்ந்திருக்கிறது. கணினி மைக் என்று நம்பிக் கேட்டுக்கொண்டிருப்பது இடது காது ஸ்பீக்கரை!

சோதனை எளிது. பதிவை ஓடவிட்டு இடது காதுக் கிண்ணத்துக்குள் வாயை வைத்துப் பேசுங்கள். இரைச்சலுக்கு அடியில் மெலிதாகக் குரல் கேட்டால் நோய் உறுதி. ஸ்பீக்கரும் பின்னோக்கி மைக்காக வேலை செய்யும், மிகப் பலவீனமாக.

மருந்து ஒரு பிரிப்பான் கேபிள்: ஒரு பக்கம் நான்கு தொடுமுனைத் துளை, மறுபக்கம் பிங்க், பச்சை என இரண்டு மூன்று தொடுமுனைப் பிளக். கடையில் "ஒய் கேபிள்" என்று மட்டும் கேட்டால் இரண்டு ஹெட்ஃபோன் மாட்டும் பிரிப்பானைத் தந்துவிடுவார்கள். அதில் மைக் வராது. மைக் படம் போட்ட பிளக் இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். லேப்டாப்பில் ஒற்றைத் துளை என்றால் இது தேவையில்லை, அங்கே துளையே நான்கு தொடுமுனைக்கானது.

-9997 வேறு கதை. கேட்ட சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது) அந்தச் சாதனம் ஓடாது என்று பொருள். வெப்கேம் மைக்கை எச்டபிள்யூ என்ற நேரடி வழியில் தேர்ந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஆடாசிட்டி 44100 கேட்கும். வெப்கேம் மைக்குகள் சில 16000 மட்டும் தரும், சில 48000. ப்ராக் அடைவில் அசவுண்ட், அதனுள் அந்த கார்டு, அதனுள் ஸ்ட்ரீம்0 கோப்பை கேட் செய்தால் என்னென்ன ரேட் என்று எழுதியிருக்கும். ஆடாசிட்டியில் எச்டபிள்யூ வரிகளை விட்டுவிட்டு "பைப்வயர்" அல்லது "டிஃபால்ட்" தேர்ந்தால் ரேட் மாற்றத்தை நடுவில் இருக்கும் பைப்வயர் ஒலி சர்வர் பார்த்துக்கொள்ளும். ஆடாசிட்டி திறந்த பிறகு செருகிய மைக் பட்டியலில் வராது. டிரான்ஸ்போர்ட் மெனுவில் ரீஸ்கேன் கொடுக்கவேண்டும்.

#8 தகரடப்பா

பைப்வயரைத் தூக்கி எறிந்துவிட்டு நேராகக் கெர்னலின் ஒலித்தளமான ஆல்சாவில் பதியுங்கள். அதன் ஏரெக்கார்ட் கட்டளை ஒன்றே போதும். நடுவில் இருக்கும் சர்வர்கள் எல்லாம் வீண்.

#9 கழுகுக்கண்

தூக்கி எறிந்தால் பிரவுசர் ஒலி, புளூடூத் ஹெட்செட் எல்லாம் கூடவே போகும். மிண்ட் 22-ல் பைப்வயர்தான் இயல்பு. பாக்டில் இன்ஃபோ அடித்தால் சர்வர் பெயரில் "பல்ஸ்ஆடியோ, ஆன் பைப்வயர்" என்று வரும். ஆனால் சோதனைக்கு ஏரெக்கார்ட் நல்ல ஆயுதம், அதில் தகரடப்பாவோடு உடன்பாடு. கீழ்த்தளத்தில் குரல் பதிவானால் மேலே உள்ள அமைப்பைத் தேடலாம். கீழேயே பதிவாகாவிட்டால் ஆடாசிட்டியை நோண்டிப் பயனில்லை.

ஏரெக்கார்ட் -எல் கார்டுகளைப் பட்டியலிடும். கார்டு 1, சாதனம் 0 என்றால் -டி-க்கு பிளக்எச்டபிள்யூ:1,0 கொடுங்கள் (இந்த -டி பெரிய எழுத்து). ஃபார்மட் எஸ்16_எல்இ, ரேட் 48000, சேனல் 1, நேரம் 10 நொடி. பிளக் இல்லாத வெறும் எச்டபிள்யூ கொடுத்தால் பல ரியல்டெக்குகள் ஒரு சேனலை மறுத்து "சேனல்ஸ் கவுன்ட் நான் அவைலபிள்" என்று முறைக்கும்.

"டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி" வந்தால் பைப்வயரைக் கொல்ல ஓடாதீர்கள். யாரும் பயன்படுத்தாத சாதனத்தை அது 5 நொடியில் தானே விட்டுவிடும். விடாமல் பிடித்திருப்பது பாவுகன்ட்ரோல் என்ற ஒலி அமைப்பு ஜன்னலாக இருக்கும். அதில் ஆடும் அளவு மீட்டரே ஒரு பதிவுதான். அதை மூடி, ஐந்து எண்ணி, மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் பிஸி என்றால் ஃபியூசர் -வி கொடுத்து டெவ் அடைவின் எஸ்என்டி கோப்புகளை யார் வைத்திருக்கிறார் என்று பாருங்கள்.

#10 பனைமட்டை

காதுக் கிண்ணத்தில் பேசினேன், மெலிதாகக் கேட்டது! பிரிப்பான் மாட்டியதும் குரல் தெளிவாக வருகிறது. -9997-க்கும் வெப்கேம்தான் காரணம், ஸ்ட்ரீம்0-இல் 16000 மட்டும் இருந்தது. இப்போது குரலோடு "ஸ்ஸ்" என்ற சத்தம் மட்டும் மிச்சம்.

#11 கழுகுக்கண்

ஆல்சாமிக்சர் திறந்து எஃப்6-இல் ரியல்டெக் கார்டைத் தேர்ந்து எஃப்4 அழுத்துங்கள். "ரியர் மைக் பூஸ்ட்" உச்சத்தில் இருக்கும் என்று பந்தயம். பெரும்பாலான போர்டுகளில் அது 0, 10, 20, 30 டெசிபல் என நான்கு படி. 30-இல் வைத்தால் மைக்கைவிட போர்டின் மின்னிரைச்சல்தான் பெரிதாகக் கேட்கும். 10-இல் வையுங்கள், வாய்க்கு நாலு விரல் தூரத்தில் மைக்கைக் கொண்டுவாருங்கள், பிறகு கேப்சரை ஏற்றி உச்சங்கள் -12 டெசிபலைச் சுற்றி நிற்கும்படி விடுங்கள். அப்படியும் தணிவாக இருந்தால்தான் 20. கேப்சர் என்ற சிவப்பு எழுத்து இல்லையென்றால் ஸ்பேஸ் தட்டவேண்டும். அது இல்லாமல் அளவை எவ்வளவு ஏற்றினாலும் மௌனம்தான். சரியானதும் சூடோ ஆல்சாசிடிஎல் ஸ்டோர்.

அமைத்ததை எல்லாம் யாரோ மாற்றிவிட்டது போலத் தோன்றினால் பாவுகன்ட்ரோலின் ரெக்கார்டிங் தாவலைப் பாருங்கள். பதிவு ஓடும்போது மட்டும்தான் அதில் வரி தெரியும். அங்கே "மானிட்டர் ஆஃப்" என்று தொடங்கும் சாதனம் தேர்ந்திருந்தால் கணினி தன் ஸ்பீக்கர் ஒலியையே பதிந்துகொண்டிருக்கிறது.

#12 மின்மினி

இழையோடு ஒட்டிய கேள்வி: புளூடூத் ஹெட்செட்டில் பதிந்தால் பழைய தொலைபேசி மாதிரி கேட்கிறதே?

#13 கழுகுக்கண்

பாட்டுக் கேட்கும் ஏ2டிபி முறையில் மைக் கிடையாது. மைக் திறந்ததும் அழைப்புக்கான எச்எஃப்பிக்கு மாறும்; அதில் ஒலியைச் சுருக்கும் முறை சிவிஎஸ்டி என்றால் 8 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள், எம்எஸ்பிசி என்றால் 16. அதாவது 4 அல்லது 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலி பதிவாகவே வாய்ப்பில்லை. பிறகு ஈக்வலைசர் போட்டு வராது. காதுக்குப் புளூடூத், பதிவுக்கு ஒயர் மைக் என்று பிரித்து வையுங்கள். ஹெட்செட்டின் ப்ரொஃபைலை ஏ2டிபியில் நிறுத்திவிட்டால் கேட்கும் தரமும் கெடாது.

#14 இரவாடி

பைப்வயருக்குக் கட்டமைப்பு தேடுவோருக்கு: அதன் சாதன இணைப்புகளை நிர்வகிக்கும் வயர்பிளம்பரின் 0.4-இல் அமைப்புக் கோப்புகள் லுவா மொழியில், 0.5-இல் அந்த முறையே மாறிவிட்டது. மிண்ட் 22-இல் இருப்பது 0.4. இணையத்தில் கிடைக்கும் 0.5 குறிப்பை அப்படியே ஒட்டினால் பிழையும் காட்டாமல் பலனும் தராமல் சும்மா கிடக்கும்.

#15 சுருள்கம்பி

எஸ்டி கார்டு கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டோம். நெமோவில் டெலிட் தட்டினால் கோப்பு கார்டை விட்டே போவதில்லை. அதே கார்டில் புள்ளியோடு தொடங்கும் ட்ராஷ்-1000 என்ற மறைஃபோல்டருக்குப் போகிறது. கன்ட்ரோல்+எச் அடித்தால் தெரியும். குப்பையைக் காலி செய்யுங்கள், இனிமேல் ஷிஃப்ட்+டெலிட்.

கார்டு திடீரென்று எழுதவிடாமல் "ரீட் ஒன்லி" ஆனால் கார்டின் ஃபாட் கோப்பு அமைப்பில் பிழை கண்டு கெர்னல் கதவைச் சாத்திவிட்டது என்று பொருள். அன்மவுண்ட் செய்து எஃப்எஸ்சிகே.விஃபாட் -ஏ ஓட்டுங்கள். எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கும் பழக்கம்தான் இதன் தாய். காப்பிப் பட்டை 100 தொட்டாலும் தரவு இன்னும் ரேமில் இருக்கலாம். சிங்க் கட்டளை முடிந்து பிராம்ப்ட் திரும்பும்வரை கை வைக்காதீர்கள்.

ரெக்கார்டரையே கேபிளில் செருகுவோருக்கு ஒன்று. ஜூம் எச்1என் போன்றவற்றில் கார்டு ரீடர், ஆடியோ இன்டர்ஃபேஸ் என இரண்டு முறை உண்டு. இரண்டாவதில் வைத்துவிட்டு "கோப்பு தெரியவில்லை" என்று தேடினால் கிடைக்காது. அப்போது அது கணினிக்கு மைக். ஏரெக்கார்ட் -எல்-இல் தனிக் கார்டாக நிற்கும். ரியல்டெக்கின் இரைச்சலோடு மல்லுக்கட்டுவதைவிட இது நல்ல வழி.

#16 பனைமட்டை

ட்ராஷ்-1000-இல் 11 ஜிபி! கார்டில் பேட்டரி தீர்ந்து நின்ற ஒரு வேவ் கோப்பும் இருக்கிறது. அளவு 300 எம்பி காட்டுகிறது, ஆனால் நீளம் 0 நொடி. மீட்க முடியுமா?

#17 இரவாடி

முடியும். நீளம் எழுதப்படும் தலைப்பகுதி மட்டும் நிரம்பவில்லை, ஒலி உள்ளேதான் இருக்கிறது. முதலில் ஒரு நகல் எடுத்துவிட்டு ஆடாசிட்டியில் இம்போர்ட், ரா டேட்டா. ரெக்கார்டர் எந்த அமைப்பில் இருந்ததோ அதைக் கொடுங்கள்: 16 அல்லது 24 பிட் பிசிஎம், லிட்டில் எண்டியன், சேனல் எண்ணிக்கை, ரேட். ஆஃப்செட் (தொடக்கத்தில் தாண்டவேண்டிய அளவு) எளிய வேவ் என்றால் 44 பைட். பிராட்காஸ்ட் வேவ் என்றால் தலைப்பகுதி நீளமானது, தொடக்கத்தில் சின்ன "டப்" சத்தம் வரும், வெட்டிவிடலாம். முழுக்க வெள்ளை இரைச்சலாக வந்தால் பிட் எண்ணிக்கை தவறு, அல்லது ஆஃப்செட் ஒன்றிரண்டு பைட் நகர்ந்திருக்கிறது. 24 பிட்டில் ஆஃப்செட்டை 1, 2 கூட்டிப் பாருங்கள். குரல் தெளிவாக, ஆனால் கீச்சென்றோ இழுத்தோ கேட்டால் ரேட் அல்லது சேனல் எண்ணிக்கை தவறு.

நீளமான பதிவு போடுவோர் கணக்கு: ஸ்டீரியோ 16 பிட் 44100 என்றால் நொடிக்கு 176400 பைட். வேவ் தலைப்பகுதியின் 4 ஜிபி எல்லை சுமார் 6 மணி 45 நிமிடத்தில் முட்டும். ஒற்றைச் சேனல் 48000 என்றால் மணிக்கு 346 எம்பிதான். பேச்சுக்கு ஸ்டீரியோ வீண்.

#18 மின்மினி

சிங்க்திங் (ஃபோல்டர்களைத் தானே ஒத்திசைக்கும் செயலி) போட்டால் இதெல்லாம் தானே நடக்காதா?

#19 இரவாடி

நடக்கும். மூல ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது, சிங்க்திங்-ஃபோர்க் என்ற கிளையைப் போடுங்கள். மொபைல் பக்கம் "அனுப்ப மட்டும்", கணினிப் பக்கம் "பெற மட்டும்". பேட்டரி சிக்கனத்திலிருந்து விலக்கு கொடுக்காவிட்டால் திரை அணைந்ததும் தூங்கிவிடும். கணினியில் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் ஓடினால் 22000 டிசிபி, யூடிபி இரண்டும், தேடலுக்கு 21027 யூடிபியும் திறக்கவேண்டும். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தும் கண்டுகொள்ளவில்லையென்றால் ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் அல்லது ஏபி ஐசொலேஷன் (சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்கவிடாத அமைப்பு) இருக்கிறதா பாருங்கள்.

ஒன்றை மட்டும் பெரிய எழுத்தில் படிக்கவும்: மொபைலில் இடம் போதவில்லை என்று அழித்தால் கணினியிலும் அழியும். "பெற மட்டும்" காப்பாற்றாது. கணினிப் பக்கத்தில் ட்ராஷ் கேன் வெர்ஷனிங் போடுங்கள். அழிந்தவை எஸ்டிவெர்ஷன்ஸ் என்ற மறைஃபோல்டரில் கிடக்கும். அதைவிட, சிங்க்திங் ஃபோல்டரை வாசல் திண்ணையாக மட்டும் வைத்து, அங்கிருந்து --டெலிட் இல்லாத ஆர்சிங்க் மூலம் உள்ளே சேமிப்பு ஃபோல்டருக்கு நாளுக்கு ஒருமுறை எடுத்துப் போடுவது மேல்.

#20 தகரடப்பா

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு சேர்க்கை. லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு அமைப்பில் பெயரின் எல்லை 255 எழுத்து இல்லை, 255 பைட். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 85 குறியீடுதான். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக் கணக்கு. கார்டுகளில் வரும் எக்ஸ்ஃபாட்டில் எல்லை 255 குறியீடு என்பதால் கார்டில் ஒழுங்காக இருந்த நீளப் பெயர் கணினிக்கு வரும்போது "ஃபைல் நேம் டூ லாங்" என்று நிற்கும். எதிர்த்திசையில், லினக்ஸில் 10:30 என்று முக்காற்புள்ளி வைத்த பெயர் கார்டுக்குப் போகாது.

ஒரே பெயரில் இரண்டு கோப்பு தெரிந்தால் பேய் இல்லை. "கொ" என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு வேறு. கான்வ்எம்வி கருவியை இரு பக்கமும் யூடிஎஃப்8 கொடுத்து --என்எஃப்சி சேர்த்து ஓட்டினால் ஒன்றாக்கும். முதலில் சும்மா ஓட்டினால் என்ன மாறும் என்று மட்டும் காட்டும். --நோடெஸ்ட் கொடுத்தால்தான் உண்மையில் மாற்றும். ஸ்ரீ மட்டும் இதற்குள் அடங்காது. ஸ-வில் தொடங்குவதும் ஶ-வில் தொடங்குவதும் தனித்தனி எழுத்து, கையால்தான் மாற்றவேண்டும்.

#21 பனைமட்டை

ரா டேட்டாவில் 24 பிட், ஆஃப்செட்டில் 2 கூட்டியதும் முழுப் பதிவும் வந்துவிட்டது. பூஸ்ட் 10, இரைச்சல் காதுக்கு எட்டவில்லை. கடைசியாக ஒன்று: அதே பேச்சை ரெக்கார்டரிலும் கணினியிலும் சேர்த்துப் பதிந்து ஒட்டினால் தொடக்கத்தில் பொருந்தி முடிவில் விலகுகிறது.

#22 கழுகுக்கண்

இரண்டு கருவிக்கும் இரண்டு கடிகாரம். பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தாலே மணிக்கு 0.18 நொடி விலகும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒருமுறை கை தட்டிப் பதியுங்கள். இரண்டு தட்டலுக்கும் இடைப்பட்ட நேரத்தை இரு கோப்பிலும் அளந்து, ஒன்றை ஆடாசிட்டியின் சேஞ்ச் ஸ்பீடில் அந்த விகிதத்துக்கு மாற்றுங்கள். சேஞ்ச் டெம்போ வேண்டாம், அது ஒலியை வெட்டி ஒட்டும்.